சிறுதேரும் பெருந்தேரும்: பாலர் வகுப்பில் விழாக்காலம்

குழந்தைப் பருவத்தைக் கூர்ந்து நோக்கி, அதனைப் பத்தாக வகுத்துப் பாடிய பெருமை தமிழ்ப் புலவர்க்கு உண்டு. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்திலே காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்களும் இருபாற்கும் பொதுவாவன. எஞ்சிய மூன்றும் ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்பாற்கு அம்மானை, நீராடல், ஊசல் எனவும் பெரும்பாலும் வரும். இப்பெயர்களை ஒருமுறை நிரலாகச் சொல்லிப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலனாகும். காத்தலும் தாலாட்டலும் பெரியோர் குழந்தைக்குச் செய்வன. அம்புலியை விளையாட அழைப்போரும் பெரியோரே. ஏனையவற்றுட் பெரும்பாலன குழந்தை தானே செய்வன. அது தலையசைக்கின்றது, கைகொட்டுகின்றது, தளர்நடையிட்டு வருகின்றது, மணலில் வீடு கட்டுகின்றது, பறை முழக்குகின்றது, தேர் உருட்டுகின்றது.

இப்பிரபந்தம் தோன்றுதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே, குறுந்தொகையின் 61 ஆம் செய்யுளில் தும்பிசேர்கீரனார் இக்கருத்தினை ஓர் உவமையாக அமைத்துள்ளார். தச்சன் செய்து கொடுத்த சிறுதேரிலே ஏறி ஊர்ந்து செல்லுதல் சிறுவர்க்கு இயலாது. ஆயினும், அதனைத் தம் கையால் இழுத்துச் செல்வதிலேயே அவர்கள் பேரின்பம் அடைவர் என்பது அச்செய்யுள் தரும் காட்சி. தோழி தன் உள்ளக் கருத்தை விளக்குதற்கு எடுத்தாண்ட உவமை அது. எனினும், பாலர் கல்வியிலே ஈடுபட்டோர் அனைவரும் நெஞ்சில் நிறுத்தத் தக்க செய்தி அதனுள் அடங்கியிருக்கின்றது. இழுக்கும் கயிறு குழந்தையின் கையில் இருத்தல் வேண்டும் என்பதே அச்செய்தி.

இதனை உரைகல்லாகக் கொண்டு, நம் முன்பள்ளிகளில் நிகழும் விழாக்களைச் சிறிது ஆராய்தல் பொருத்தமாகும்.

புரட்டாதி, ஐப்பசித் திங்களிலே நவராத்திரி வருகின்றது. அதனைத் தொடர்ந்து தீபாவளியும், கார்த்திகை விளக்கீடும், மார்கழியில் ஒளிவிழாவும் நத்தாரும், தை பிறந்ததும் பொங்கலும் வருகின்றன. நம் நாட்டிலே ஊர்தோறும் சனசமூக நிலையங்களும், கோயில்களும், தேவாலயங்களும் தாபித்து நடத்தும் முன்பள்ளிகள் பல உள. அவற்றிலே சிறு வேதனம் பெற்றுப் பெருந்தொண்டு ஆற்றிவரும் ஆசிரியைகள் இவ்விழாக்களை எல்லாம் ஊக்கத்தோடு கொண்டாடி வருகின்றனர். சில ஊர்களிலே ஒரே பாயில் சைவப் பிள்ளையும், கிறித்தவப் பிள்ளையும், இசுலாமியப் பிள்ளையும் அமர்ந்திருந்து, ஒருவர் பெருநாளின் பலகாரத்தை மற்றவர் உண்டு மகிழ்கின்றனர். நூறு சொற்பொழிவுகள் செய்ய இயலாத பணியை அந்தப் பலகாரத் தட்டு செய்துவிடுகின்றது. ஆதலின், முன்பள்ளியில் விழா வேண்டுமா என்பது இங்கு வினாவன்று. அது யாருடைய விழா என்பதே வினா.

அண்மைக் காலத்திலே இவ்விழாக்கள் சிறுதேர் நிலையினின்று பெருந்தேர் நிலைக்கு மாறி வருதலைக் காண்கின்றோம். மண்டபம் எடுக்கப்படுகின்றது. மேடை அமைத்து ஒலிபெருக்கி கட்டுகின்றனர். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என மூவகையினர்க்கும் மாலை சூட்டி, அவர்தம் உரைகளைக் கேட்டு முடிக்கும்போது வெயில் உச்சியை அடைந்துவிடுகின்றது. நான்கு வயதுப் பிள்ளைகளோ, காலையிலே பூசிய முகப்பூச்சு வியர்வையில் கரைய, சரிகை உடுப்பு உடலை உறுத்த, தம் முறையை நோக்கித் திரைக்குப் பின்னே காத்திருக்கின்றனர். முறை வந்ததும் சில மேடையிலே விம்மி அழுகின்றன. சில திகைத்து நிற்கின்றன. பெற்றோரோ கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுக்கின்றனர். அந்தப் படத்திலே குழந்தை இருக்கின்றது. விழாவிலே அது இருந்ததா என்பது ஐயத்துக்குரியது.

இதற்கு ஆகும் செலவும் சிந்திக்கத் தக்கது. ஆடலுக்கென வாடகைக்கு எடுக்கும் உடுப்பு ஒரு நாட் கூலியையே விழுங்கிவிடும். கூலித் தொழில் செய்யும் தந்தை கடன்பட்டேனும் அதனைக் கொடுப்பான். அன்றேல், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அன்றைக்கு வீட்டில் நிறுத்திவிடுவான். எல்லாரும் கூடி மகிழ்தற்கென ஏற்பட்ட நாளிலே ஒரு பிள்ளையேனும் பணமின்மையால் வீட்டில் இருக்க நேருமாயின், விழாவின் வேரே அறுபட்டுவிட்டது எனல் வேண்டும்.

இனி, கயிறு குழந்தையின் கையில் இருக்கும் விழா எத்தகையது என்பதை நவராத்திரியிலிருந்தே காண்போம்.

கும்பம் வைத்து, அதன் அருகே முளைப்பாலிகை இடுதல் நம் வழக்கம். நவதானியத்தை ஆசிரியையே கொண்டு வந்து விதைத்துவிட்டால் அது பூசைப் பொருளாக மாத்திரம் நின்றுவிடும். ஒன்பது தானியங்களையும் ஒரு சுளகிலே கலந்து பிள்ளைகள் நடுவில் வைத்து, நெல்லை ஒருபுறமும் பயற்றை ஒருபுறமும் உழுந்தை ஒருபுறமுமாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். நிறம், வடிவு, பருமை என்பவற்றை வேறுபிரித்து அறிதலும், ஒன்பது வரை எண்ணுதலும் அவ்விளையாட்டிலேயே அடங்கிவிடும். எள்ளைப் பொறுக்கும் விரல் பின்னர் எழுதுகோலைப் பிடித்தற்கும் பதப்படும். பின்பு ஒவ்வொரு பிள்ளையும் தன் சிரட்டையிலே மண் இட்டு, விதைத்து, நீர் தெளிக்கட்டும். பயறு ஓரிரு நாளில் வேர்விடும். வேறு சில தானியங்கள் தாமதிக்கும். தன் சிரட்டையில் முளை கண்ட பிள்ளையின் முகத்திலே தோன்றும் ஒளி எந்த மேடை விளக்கிலும் தோன்றாது. பத்தாம் நாள், இறைவியின் திருமுன் அந்தப் பசுமையை வைத்து வணங்கும்போது, தான் வளர்த்த ஒன்றைத் தான் படைக்கின்றோம் என்னும் உணர்ச்சி அதற்கு உண்டாகும். வழிபாட்டின் முதற்பாடம் அதுவே.

பூசை முடிந்தபின் அவலும் கடலையும் பங்கிடும் பணியையும் பிள்ளைகளிடமே விடுதல் நலம். ஒருவர்க்கு ஒரு பிடியாக எல்லாருக்கும் கொடுத்து, இறுதியிலே தனக்கு எடுத்துக்கொள்ளும் பிள்ளை, கணக்கையும் அறத்தையும் ஒருங்கே கற்றுவிடுகின்றது.

விசயதசமியன்று ஏடு தொடக்கல் நிகழும். தைப்பூசத்திலும் இதனைச் செய்தல் யாழ்ப்பாணத்து வழக்கம். தாம்பாளத்திலே பரப்பிய பச்சையரிசியிற் பிள்ளையின் விரலைப் பற்றி எழுதுவிக்கும் அந்தச் சடங்கு மிக அழகியது. அதன் பொருளை நாம் சரியாக உணர்ந்துள்ளோமா என்பதே கேள்வி. மறுநாளே அக்குழந்தையின் கையிலே கொப்பியையும் பென்சிலையும் திணித்து, பக்கம் பக்கமாக அகரம் எழுதச் செய்கின்றோம். நம் முன்னோர் அவ்வாறு விரைந்தாரல்லர். திண்ணைப் பள்ளியிலே பிள்ளை முதலில் மணலிலே விரலால் எழுதியது. எழுத்தின் வடிவம் விரலிலும் நெஞ்சிலும் பதிந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அதன் கைக்கு வந்தன. அரிசியில் எழுதும் விரலும் அந்த மணலெழுத்தின் தொடக்கமே.

இம்மணலெழுத்து கடல் கடந்தும் சென்றது. 1789 இல் சென்னையில் இராணுவத்தினரின் ஆண் அநாதைச் சிறுவர்க்கென அமைந்த பாடசாலையின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்பார், உள்ளூர்ப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுதலைக் கண்டு, அம்முறையைத் தம் பாடசாலையிலும் புகுத்தினார். 1797 இல் தம் அனுபவங்களை இலண்டனிலே நூலாக வெளியிட்டார். அதன்வழி அம்முறை இங்கிலாந்துப் பள்ளிகளையும் அடைந்தது. பின்னர், 1907 இல் உரோமாபுரியிலே சிறார் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொன்ரிசோரி அம்மையார், மணற்றாளில் வெட்டிய எழுத்துக்களைப் பிள்ளைகள் விரலால் தடவி அறியுமாறு செய்தார். அவ்வம்மையார் 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1944 இல் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். எவர் முந்தியவர் என்று நாம் வழக்காட வேண்டியதில்லை. குழந்தையை உற்று நோக்கிய இருவேறு மரபினர், எழுதுகோலுக்கு முன்னே விரல் என்னும் ஒரே முடிவுக்கு வந்தனர் என்பதே நாம் கொள்ளத்தக்கது. ஆகவே, ஏடு தொடக்கிய மறுநாள் பிள்ளைக்கு வேண்டுவது ஒரு தட்டு மணலேயாம்.

அடுத்து வருவன விளக்கின் விழாக்கள். தீபாவளிக்கு மத்தாப்புக் கொளுத்துதலைப் பள்ளியிலே காட்ட வேண்டியதில்லை. அதன் பொறி ஆயிரம் பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பமுடையது. மெல்லிய விரலுக்கு அது தோழனன்று. களிமண்ணைப் பிசைந்து சிட்டி விளக்குச் செய்தல் பிள்ளைக்கு ஏற்ற பணி. ஜேர்மனியிலே, 1840 இல் தம் பாலர் பள்ளிக்குக் குழந்தைத் தோட்டம் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டிய பிரோபெல் என்னும் அறிஞரும், மண் பிசைதல், தாள் மடித்தல், பின்னுதல் ஆகியவற்றைப் பாலர்க்குரிய தொழில்களாக வகுத்தார். பிள்ளை செய்யும் சிட்டி கோணலாகவே இருக்கும். அதனை ஆசிரியை திருத்தி அழகாக்குதல் கூடாது. கார்த்திகை விளக்கீட்டன்று வாயிலிலே வாழைக்குற்றி நாட்டி விளக்கேற்றும்போது, அந்தக் கோணற் சிட்டியும் வீட்டு முற்றத்திலே எரியட்டும். தன் கைவினை வீட்டின் வழிபாட்டில் இடம்பெற்றதைக் கண்ட பிள்ளைக்குப் பள்ளியும் வீடும் ஒன்றாகிவிடும்.

மார்கழியில் வரும் ஒளிவிழாவிலே பாலன் குடில் அமைத்தல் உண்டு. கடையில் வாங்கிய குடிலைக் காட்சிக்கு வைத்தலினும், வைக்கோலும் களிமண்ணும் பனையோலையும் கொண்டு பிள்ளைகளே அமைத்தல் சாலச் சிறந்தது. ஏழை மாட்டுத்தொழுவிலே நிகழ்ந்த பிறப்பிற்கு அந்த எளிமையே பொருந்தும். குருத்தோலையால் நட்சத்திரமும் கிளியும் கிலுகிலுப்பையும் செய்யத் தெரிந்த பாட்டிமார் இன்னும் ஊர்களில் இருக்கின்றனர். அவர்களை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்துப் பிள்ளைகளின் நடுவே இருத்தினால், அந்தக் கைத்திறன் அழியாமல் அடுத்த தலைமுறைக்குச் செல்லும், முதியோரும் மகிழ்வர்.

இவ்விழாவிலே பெரிதும் கருத்தூன்ற வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. நத்தார்த் தாத்தா வேடம் பூண்டு வருபவர் பிள்ளைகளுக்குப் பரிசுப் பொதிகளை வழங்குகின்றார். அப்பொதிகளைப் பெற்றோரே முன்னதாகப் பள்ளியிற் கொடுத்து வைக்கின்றமை பலவிடங்களில் உள்ள வழக்கம். வசதி படைத்தோர் பிள்ளைக்குப் பெரிய பொதி. வறியோர் பிள்ளைக்குச் சிறிய பொதி. தாத்தா எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றுபோல் நேசிப்பவர் என்று சொல்லிக் கொடுத்த நாவாலேயே, இந்த வேற்றுமைக்கு என்ன காரணம் கூறுவது? நான்கு வயதுப் பிள்ளை தன் தந்தையின் வறுமையை நினையாது. தான் நல்ல பிள்ளை அன்று போலும் என்றே நினைக்கும். அந்த எண்ணம் ஒருமுறை உள்ளத்தில் விழுந்தால் எளிதில் நீங்காது. ஆதலின், பொதிகள் யாவும் ஒரே அளவினவாய், ஒரே பொருளுடையனவாய் அமைதல் வேண்டும். அதனினும் சிறந்த வழி, ஒவ்வொரு பிள்ளையும் தன் கையாற் செய்த ஒன்றை மற்றொரு பிள்ளைக்குக் கொடுத்தல். பெறுதலின் இன்பத்தோடு ஈதலின் இன்பமும் அப்போது சேரும்.

இவ்வாறு கூறுங்கால் சிலர் ஒரு தடை நிகழ்த்துவர். பிள்ளைகளுக்கு அவைக் கூச்சம் நீங்க வேண்டாமா, பெற்றோர் தம் மக்களின் திறமையைக் கண்டு களிக்க வேண்டாமா என்பர். இரண்டும் நியாயமான விருப்பங்களே. பெற்றோர் கேட்பதை மறுத்தற்கு ஆசிரியைக்குத் துணிவு வாராது என்பதும் உண்மை. பள்ளியின் பெயரை விழாவின் பகட்டைக் கொண்டே ஊர் மதிப்பிடுகின்றது. ஆயினும், இதற்கு வழி இல்லாமற் போகவில்லை. பெற்றோரை மண்டபத்து நாற்காலிகளுக்கு அழையாது வகுப்பறைப் பாய்க்கு அழையுங்கள். தாயும் தந்தையும் பிள்ளையின் அருகே அமர்ந்து, அதனோடு தானியம் பிரிக்கட்டும், மண் பிசையட்டும். தன் பிள்ளை எதனைச் செய்ய வல்லது என்பதை அரைமணி நேரத்தில் அவர்கள் நேரிற் காண்பர். இறுதியில் எல்லாப் பிள்ளைகளும் ஒருமித்து நின்று ஒரு பாட்டுப் பாடட்டும். தனித்து நின்று நடுங்கும் பிள்ளையும் கூட்டத்தோடு நின்று வாய்திறக்கும். அவைக் கூச்சம் தெளிதற்கு அதுவே முதற்படி.

அத்தகைய பாட்டுக்கு நாம் வேற்றுநாடு செல்ல வேண்டியதில்லை. தங்கத்தாத்தா என ஈழத்துச் சிறுவர் அன்போடு அழைக்கும் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953), ஆடிப்பிறப்பையும் அதன் கூழையும் கொழுக்கட்டையையும் பிள்ளைகளின் வாய்க்கு இசைய இனிய தமிழிலே பாடி வைத்துள்ளார். விடுமுறையும் பலகாரமும் தோழமையும் கூடிய அந்த உலகம் குழந்தையின் சொந்த உலகம். அப்பாட்டைப் பாடும் பிள்ளைக்கு உடுப்பும் முகப்பூச்சும் வேண்டா.

ஆசிரியைகளுக்கு ஒரு விண்ணப்பம். விழாவுக்குத் திட்டம் இடும்போது, செய்யவிருப்பவற்றை ஒரு தாளில் நிரலாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அதனைச் செய்பவர் யார் என்று குறித்துப் பாருங்கள். ஆசிரியை, பெற்றோர், வாடகைக் கடைக்காரர், விருந்தினர் என்று வந்துகொண்டே இருந்து, பிள்ளை என்னும் சொல் ஈரிடத்திலோ மூவிடத்திலோ மாத்திரம் காணப்படுமாயின், அத்திட்டத்தை மாற்றி எழுதுங்கள். பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். பகட்டில்லாத விழாவை நடத்தும் முன்பள்ளியைக் குறைவாக மதியாதீர்கள். அங்கிருந்து உங்கள் பிள்ளை அழுக்குப் படிந்த கைகளோடும், கோணலான ஒரு சிட்டி விளக்கோடும் வீட்டுக்கு வருமாயின், அந்த விளக்கிலே எண்ணெய் வார்த்துத் திரியிட்டு ஏற்றி வையுங்கள்.