வீட்டு முற்றத்தில் மோட்டார் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் தெருக்களில் நடப்போர் ஒரு காட்சியை அடிக்கடி கண்டிருப்பர். வீட்டு முற்றத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று ஸ்டாண்டு போட்டு நிற்கும். கீழே பரப்பிய பழைய பத்திரிகைத் தாளின்மீது ஸ்பானர்களும், மண்ணெண்ணெய்க் கிண்ணமும், கழற்றிய உறுப்புகளும் வைக்கப்பட்டிருக்கும். வண்டிக்குடையவர் கைகளில் கரிய எண்ணெயுடன் அதன் பக்கத்தில் குந்தியிருப்பார். இதை வீண் பொழுதுபோக்கென்று நகைப்போர் உண்டு. காசு மிச்சம் பிடிக்கும் கருமித்தனமென்று இகழ்வோரும் உண்டு. இரு சாராரும் விஷயத்தை அறியாதவர்கள் என்பது நம் துணிபு. விலை கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கவும் பழுது தீர்க்கவும் அதை வாங்கியவனுக்கு உரிமை உண்டா, இல்லையா என்னும் கேள்வி அந்த முற்றத்தில் அடங்கியிருக்கிறது.

சென்னையோடு நெருங்கிய சம்பந்தமுள்ள ஒரு யந்திரத்தையே உதாரணமாகக் கொள்வோம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த ராயல் என்பீல்டு புல்லட், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாருடன் ஏற்பட்ட உடன்படிக்கையின் பேரில் நம் நகருக்கு வந்தது. முதலில் அங்கிருந்து வந்த உறுப்புகளைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். சில ஆண்டுகளில் எல்லா உறுப்புகளும் இங்கேயே வார்த்துக் கடையப்பட்டன. பிற்பாடு இங்கிலாந்திலிருந்த தாய் ஸ்தாபனம் மூடப்பட்டுவிட்டது. 1977இல் சென்னையில் செய்த புல்லட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குச் சென்றன. கற்றவன் கற்பித்தவன் வீட்டுக்கே சரக்குக் கொண்டுபோன கதை இது.

அந்தப் பழைய புல்லட்டின் பெருமை அதன் வேகத்தில் இல்லை. ஒரு சாமானிய மனிதன் ஸ்பானரும் பொறுமையும் கொண்டு அதைப் புரிந்துகொள்ள முடிந்தது என்பதே அதன் பெருமை. அதைக் கிளப்புவதே ஒரு பாடம். கிக்கரை மெல்ல மிதித்துவர, விளக்கின் மேற்புறம் பதித்த அம்மீட்டரின் முள் ஒரு பக்கம் சாய்ந்து, பின் நடுவுக்கு மீளும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்பது அதன் பொருள். உடனே டிகம்ப்ரஸர் பிடியை அழுத்தி, கிக்கரைச் சிறிதளவு இறக்கிப் பிஸ்டனை உச்சி தாண்டச் செய்து, பிடியை விட்டுவிட வேண்டும். கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மூச்சில் மிதித்தால் யந்திரம் முழங்கும். இம்முறை அறியாத பலவான் பத்து முறை மிதித்து வியர்த்து நிற்க, அறிந்த கிழவர் ஒரே மிதியில் கிளப்பிச் செல்வதை நாம் பார்த்திருக்கிறோம்.

டேப்பெட்டைச் சரிசெய்வதும் அவ்வாறே. யந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சியில் நிற்க வேண்டும். அப்போது உந்துதண்டை விரல்களால் திருகினால் தடையின்றிச் சுழலவேண்டும். மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருத்தலாகாது. இதற்கு வேண்டிய அளவுகோல் நம் விரல்களே. இவ்விடத்தில் நம்முடைய அசட்டுத்தனம் ஒன்றையும் ஒப்புக்கொள்வது நியாயம். அலுமினியத்தாலான சிலிண்டர் தலையில் ஸ்பார்க் பிளக்கைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கி அதன் மறையையே தின்றுவிட்டோம். புதுப்பேட்டையில் அலைந்து, கடைசலில் புது மறை போட்டுவாங்க இரண்டு நாளாயிற்று. அன்று முதல் நம் கை மெதுவாகிவிட்டது.

நிற்க. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் தேசத்தில் விற்கும் புது வண்டிகளுக்குப் புகை பற்றிய கடுமையான பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்தது. மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் மறைந்து, மின்னணுக் கருவியின் ஆணைப்படி பெட்ரோலைப் பீச்சும் முறை வந்துவிட்டது. காற்று சுத்தமாவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் இப்போது யந்திரத்தில் கோளாறு நேர்ந்தால் ஒரு சிறு விளக்கு எரிகிறது. அது எரிவதன் காரணத்தை அறிய வேறொரு கருவி வேண்டும். அந்தக் கருவியும், அதன் பாஷையும், வயரிங் படமும் விற்றவர் கையில் மட்டும் இருந்தால் வாங்கியவன் உடைமையாளனா, குத்தகைக்காரனா என்று கேட்கிறோம்.

பிற தேசங்களில் இக்கேள்வி எழாமலில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ராஜ்யத்து வாக்காளர் 2012இல், கார்களைப் பழுதுபார்க்க வேண்டிய விவரங்களை வெளியாருக்கும் தரவேண்டுமெனப் பெருவாரியாக வாக்களித்தனர். நம் மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா 2022 ஜூலையில் இதற்கென ஒரு கமிட்டியை நியமித்து, அவ்வாண்டு டிசம்பரில் ஒரு வலைத்தளத்தையும் திறந்தது. அதில் மோட்டார் வண்டிகளும் ஒரு பிரிவு. முயற்சியைப் பாராட்டுகிறோம். ஆயினும் கம்பெனிகள் மனமுவந்து தருவதைப் பெற்றுக்கொள்வது வேறு, உரிமையாகக் கேட்டுப் பெறுவது வேறு.

பழுதுபார்ப்பதையும் வண்டியின் ரூபத்தை மாற்றுவதையும் ஒன்றாக்கிக் குழப்புவோர் இருக்கின்றனர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுப் பத்திரத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்து வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் இதை வற்புறுத்தியது. ஆகவே ஆசனத்தைச் செம்மைப்படுத்துவோரும் கைப்பிடியை மாற்றுவோரும், அதற்குமேல் சட்டகத்தை அறுக்கத் துணியுமுன் பதிவு அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம். சைலன்சரைக் கழற்றி வெறுங்குழாய் மாட்டி நள்ளிரவில் இடிமுழக்கம் செய்யும் இளைஞர்பால் நமக்கு எள்ளளவும் அனுதாபமில்லை. நோயாளி தூங்கும் தெரு அவருடைய உடைமையன்று. இவர்களைக் காட்டி, முற்றத்தில் குந்தியிருக்கும் யோக்கியனின் ஸ்பானரையும் பறிக்க முயல்வதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

சர்க்காரிடம் நாம் வேண்டுவது அதிகமில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் பழுதுநூலை, வயரிங் படத்துடன், நியாயமான விலைக்கு எவருக்கும் விற்கும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். கோளாறு காட்டும் கருவியும் புதுப்பேட்டைத் தொழிலாளி வாங்கக்கூடிய விலையில் கடைக்கு வரவேண்டும். பழுதுநூலைத் தமிழிலும் அச்சிடும்படி விதித்தல் இன்னும் நன்று. ஆங்கிலம் அறியாத எத்தனையோ மேஸ்திரிகள் இத்தனை காலமும் காதால் கேட்டே யந்திரத்தின் நோயைக் கண்டுபிடித்து வந்திருக்கின்றனர்.