வீட்டுக் கணினியும் காப்பு நகலும்

வீட்டுக் கணினியில் இருப்பவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். இழந்தால் மீண்டும் பெறத்தக்கவை ஒரு வகை. பெறவே இயலாதவை மற்றொரு வகை. இயங்குதளம், பதிவிறக்கிய பாடல்கள், பாடநூல்களின் மின்வடிவம் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் மின்வடிவில் வழங்கும் மதிப்பெண் பட்டியலையும் ‘டிஜிலாக்கர்’ வழியாக மீண்டும் பெற்றுக்கொள்ளலாம். ஆனால், பாட்டி பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவு, தம்பி முதன்முதலாக நடந்த நாளின் காணொலி, தந்தையார் பத்தாண்டுகளாக எழுதிவரும் வரவு செலவுக் கணக்கு, நீங்களே எழுதிய கட்டுரைகள் ஆகியவற்றிற்கு உலகில் வேறு படி கிடையாது. அவை இருக்கும் வன்வட்டு பழுதடைந்தால் புதிய வன்வட்டை வாங்கலாம். அதிலிருந்த தாலாட்டை வாங்க முடியாது.

இவ்விரண்டாம் வகைக் கோப்புகளைப் படியெடுத்து வேறோர் இடத்தில் பாதுகாப்பதையே காப்பு நகல் எடுத்தல் என்கிறோம். ‘இதற்குச் சிறந்த மென்பொருள் எது?’ என்று பலரும் முதலில் கேட்பர். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய வினா. எவ்வகை இழப்பு நேரக்கூடும் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வன்வட்டின் உள்ளே இருக்கும் தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் முனை, தலைமுடியின் தடிமனைவிடப் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் தட்டின்மேல் மிதக்கின்றது. இயங்கும்போது கீழே விழுந்தால் முனை தட்டில் உரசிவிடும். விழாவிட்டாலும் சில ஆண்டுகளில் அது தேய்ந்து பழுதடையலாம். இதற்கு அஞ்சியே பலர் நகல் எடுக்கின்றனர். ஆயினும், எடுக்கும் இடத்தில் ஒரு பிழை நேர்கின்றது. கணினியில் ‘சி’, ‘டி’ என்று இரு பிரிவுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘சி’ பிரிவில் உள்ள படங்களை ‘டி’ பிரிவிலும் படியெடுத்து வைத்துவிட்டு நிம்மதி அடைவோர் உண்டு. பெரும்பாலான வீடுகளில் இவ்விரண்டும் ஒரே வன்வட்டின் இரு பகுதிகளே. வட்டு பழுதடைந்தால் இரண்டும் ஒன்றாகவே மறையும். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போது ‘டி’ பிரிவு தப்பலாம். அவ்வளவே அதன் பயன்.

வட்டு நலமாக இருக்கும்போதும் இழப்பு உண்டு. மனிதர் கை தவறுவதே அதற்குக் காரணம். பழைய கட்டுரையின்மேல் புதியதைச் சேமித்துவிடுவோம். வேண்டாத கோப்புறை என்று எண்ணி வேண்டியதை அழித்துவிடுவோம். இங்கேதான் ஒத்திசைவுக்கும் காப்பு நகலுக்கும் உள்ள வேறுபாட்டை நன்கு உணர வேண்டும். ஒத்திசைவு என்பது இரண்டு இடங்களை எப்போதும் ஒன்றுபோல் வைத்திருப்பது. கணினியில் ஒரு கோப்பைத் திருத்தினால் மறுமுனையிலும் அது திருந்தும். கணினியில் அழித்தால் மறுமுனையிலும் அழியும். கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் போன்றது அது. கூகுள் டிரைவில் அழிக்கப்பட்ட கோப்பு குப்பைப் பகுதியில் 30 நாள்கள் இருக்கும். பின்னர் அங்கிருந்தும் நீங்கிவிடும். கோடை விடுமுறையில் தவறுதலாக அழித்த கோப்பைப் பள்ளி திறந்தபின் தேடினால் கிடைக்காது. காப்பு நகலோ நேற்றைய நிலையையும், சென்ற மாத நிலையையும் தனித்தனியே வைத்திருப்பது. எனவே, பழைய பதிப்புகளைச் சேர்த்துவைக்கும் மென்பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அத்தகைய மென்பொருளைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஆப்பிள் கணினிகளில் 2007 முதல் ‘டைம் மெஷின்’ என்னும் வசதி உள்ளது. அது கடந்த 24 மணி நேரத்திற்கு மணிதோறும், கடந்த ஒரு மாதத்திற்கு நாள்தோறும், அதற்கு முந்தைய காலத்திற்கு வாரந்தோறும் என்று நகல்களை வைத்திருக்கும். வட்டு நிறைந்தால் மிகப் பழைய நகலை நீக்கும். விண்டோஸில் 2012-இல் வெளிவந்த எட்டாம் பதிப்பிலிருந்து ‘ஃபைல் ஹிஸ்டரி’ இருக்கின்றது. உபுண்டு லினக்ஸில் ‘டேஜா டூப்’ என்னும் மென்பொருளைப் பயன்படுத்தலாம். முதன்முறை அனைத்தையும் படியெடுத்து, அடுத்தடுத்த முறைகளில் மாறியவற்றை மட்டும் சேர்ப்பது இவற்றின் பொதுவான இயல்பு. அதனால் முதல் நாள் பல மணி நேரம் எடுக்கும் வேலை, பின்னர்ச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ‘ஃபைல் ஹிஸ்டரி’யைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படங்கள், ஆவணங்கள், மேசைத்திரை போன்ற வழக்கமான கோப்புறைகளையே அது தானாக எடுத்துக்கொள்ளும். ‘டி’ பிரிவில் நீங்களாக உருவாக்கிய கோப்புறையைச் சேர்க்கச் சொல்லாவிட்டால் அது விடுபட்டுப்போகும்.

சில மென்பொருள்கள் நகலைத் தமக்கே உரிய வடிவத்தில் சுருக்கிப் பெரிய கோப்பாகச் சேமிக்கின்றன. அந்நகலைத் திறக்க அதே மென்பொருள் வேண்டும். பத்தாண்டுகளுக்குப் பின் அம்மென்பொருள் கிடைக்குமா என்பது ஐயமே. முழு இயங்குதளத்தையும் அப்படியே மீட்க விரும்பும் அலுவலகத்திற்கு இவ்வகை பொருந்தலாம். குடும்பப் படங்களுக்கோ, எந்தக் கணினியில் இணைத்தாலும் கோப்புகளை உடனே திறந்து பார்க்கக்கூடிய எளிய நகலே மேலானது.

கணினியின் அருகிலேயே நகல் வட்டும் இருந்தால் திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றில் இரண்டும் சேர்ந்தே போகும். கணினியுடன் எப்போதும் இணைத்தே வைத்திருப்பதிலும் இடர் உண்டு. 2017-ஆம் ஆண்டு மே மாதம் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்பது அதன் செயல். இத்தகைய நிரல்கள் அவ்வேளையில் இணைந்திருக்கும் வெளி வன்வட்டையும் பூட்டக்கூடியவை. ஆதலால், நகல் எடுத்து முடித்ததும் வட்டைக் கழற்றி வைப்பது நல்லது.

பீட்டர் குரோ என்னும் புகைப்படக் கலைஞர் பரப்பிய ‘3-2-1’ என்னும் முறை இவற்றையெல்லாம் கருதியே அமைந்தது. மூலத்தோடு சேர்த்து மொத்தம் 3 படிகள். அவை 2 வகைச் சேமிப்பில் இருக்க வேண்டும். அவற்றுள் 1 வேறிடத்தில் இருக்க வேண்டும். வேறிடம் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடிகளைப் படியெடுத்து வெவ்வேறு ஊர்களில் வைத்திருந்தமையால்தான், உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டு 1894-இல் புறநானூற்றைப் பதிப்பிக்க முடிந்தது.

வேறிடமாக இணையச் சேமிப்பைக் கொள்ளலாம். கூகுள் கணக்கில் 15 ஜிகாபைட் இடம் இலவசமாகக் கிடைக்கின்றது. ஆவணங்களுக்கு அது போதும். குடும்பத்தின் அனைத்துக் காணொலிகளுக்கும் போதாது. கட்டணம் செலுத்தி இடத்தைப் பெருக்கலாம். ஆனால், நேரத்தையும் கணக்கிடுங்கள். 200 ஜிகாபைட் அளவுள்ள கோப்புகளை, நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் பதிவேற்ற ஏறத்தாழ 44 மணி நேரம் ஆகும். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் ஊரில், இரண்டாவது வெளி வன்வட்டு ஒன்றைச் சித்தப்பா வீட்டில் கொடுத்துவைத்து, ஆண்டுக்கு இருமுறை மாற்றிக்கொள்வதே எளிது. பிறர் வீட்டில் வைக்கும் வட்டைக் கடவுச்சொல்லால் பூட்டலாம். அக்கடவுச்சொல்லை மறந்தால் திறக்க வழியில்லை என்பதால், அதை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைக்க வேண்டும். பென்டிரைவ் எடுத்துச் செல்வதற்கு ஏற்றது. மின்னூட்டம் பெறாமல் பல ஆண்டுகள் கிடந்தால் அதிலுள்ள பதிவு மெல்ல அழியக்கூடும்.

நகல் எடுத்தாகிவிட்டது என்று மென்பொருள் காட்டுவதை மட்டும் நம்பலாகாது. 1998-இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் அசைவூட்டப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. தவறாக இடப்பட்ட ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகள் பணியாளர்களின் கண்முன்னேயே மறையத் தொடங்கின. காப்பு நகலை எடுத்துப் பார்த்தனர். அது சில காலமாகவே ஒழுங்காகப் பதிவாகவில்லை. அதை எவரும் சோதித்திருக்கவில்லை. படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களுள் ஒருவரான கேலின் சஸ்மன், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே பணிபுரிந்து வந்தார். அவருடைய வீட்டுக் கணினியில் படத்தின் படி ஒன்று இருந்தது. அக்கணினியைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்னிருக்கையில் வைத்துக் கவனமாகக் கொண்டுவந்தனர். படத்தின் பெரும்பகுதி அவ்வாறே மீண்டது.

நீங்களும் உங்கள் நகலைச் சோதித்துப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை, நகல் வட்டை வேறொரு கணினியில் இணையுங்கள். ஏதேனும் மூன்று கோப்புகளைத் தேர்ந்தெடுங்கள்: பழைய படம் ஒன்று, காணொலி ஒன்று, அண்மையில் திருத்திய ஆவணம் ஒன்று. காணொலியை இறுதிவரை ஓட்டிப் பாருங்கள். ஆவணத்தில் கடைசியாகச் செய்த திருத்தம் இருக்கின்றதா என்று நோக்குங்கள். சோதித்த நாளை வட்டின்மேல் ஒட்டிய தாளில் குறித்துவிடுங்கள்.

பெற்றோரின் பணியிட மாற்றத்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் குடும்பங்கள் நம் பள்ளிகளில் மிகுதி. வீட்டுப் பொருள்கள் லாரியில் ஏறும்போது, கணினியும் நகல் வட்டும் ஒரே பெட்டிக்குள் சென்றுவிடுவது எளிதில் நேரும். பொருள்களைக் கட்டுவதற்கு முந்தைய நாள் புதிதாக ஒரு நகல் எடுத்து, அவ்வட்டைத் துணியில் சுற்றி, இரயிலில் உடன் கொண்டுசெல்லும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய வீட்டில் கணினி சரியாக இயங்குவதைப் பார்த்த பிறகே அதைப் பையிலிருந்து எடுங்கள்.