கற்பூரம் காட்டும் வலமும் இடமும்

வலக்கையும் இடக்கையும் உருவில் ஒத்தவை. ஆயினும், வலக்கையுறை இடக்கைக்குப் பொருந்துவதில்லை. மூலக்கூறுகள் பலவற்றிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ஒன்று மற்றொன்றின் ஆடி பிம்பமாக இருந்தும், ஒன்றன்மேல் ஒன்று முற்றிலும் பொருந்தாத இப்பண்பைக் கைரல் தன்மை என்பர்.

இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. உடலில் தாமிரம் மிகுந்து தேங்கும் வில்சன் நோய்க்குப் பெனிசிலமினின் ஒரு வடிவம் மருந்தாகிறது. அதன் ஆடி பிம்பமோ நஞ்சாகிறது. ஆகவே, மருந்துப் பொருளில் இவ்விரு வடிவங்களும் எவ்வளவு கலந்துள்ளன என்பதை அறிதல் இன்றியமையாதது.

மூலக்கூறின் அமைப்பை ஆராயும் முறைகளுள் அணுக்கரு காந்த ஒத்திசைவு நிறமாலையியல் முதன்மையானது. காந்தப்புலத்தில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தத்தம் சூழலுக்கேற்ப வெவ்வேறு இடங்களில் சைகைகளைத் தருகின்றன. ஆனால், வழக்கமான கரைப்பானில் வல, இட வடிவங்கள் இரண்டின் சைகைகளும் ஒரே இடத்தில் தோன்றுவதால், அவற்றைப் பிரித்தறிய இயலாது.

இச்சிக்கலைத் தீர்க்க உதவியது லாந்தனைடு தனிமமான யூரோப்பியம். இதன் அயனியில் இணையாகாத எலக்ட்ரான்கள் உள்ளன. ஆல்கஹால், அமீன் போன்றவை தம் தனித்த இணை எலக்ட்ரான்களை வழங்கி இவ்வயனியுடன் பிணையும்போது, அருகிலுள்ள அணுக்கருக்களின் சைகைகள் இடம்பெயர்கின்றன. இவ்விளைவை 1969ஆம் ஆண்டு ஹிங்க்லி கொலஸ்டிராலில் கண்டறிந்தார். மறு ஆண்டே வைட்சைட்ஸ், லூயிஸ் ஆகிய இருவரும் கற்பூரத்திலிருந்து பெற்ற ஈனிகளை யூரோப்பியத்துடன் இணைத்துப் புதிய வினைப்பொருளை உருவாக்கினர். கற்பூரமும் கைரல் தன்மை உடையதன்றோ!

வலக்கை மற்றொரு வலக்கையைப் பற்றுவதும் இடக்கையைப் பற்றுவதும் ஒன்றல்ல. அதுபோல, இவ்வினைப்பொருளுடன் வல, இட வடிவங்கள் சேரும்போது உருவாகும் இரு அணைவுகளும் ஒன்றுக்கொன்று ஆடி பிம்பங்கள் அல்ல. பிணைப்பின் வலிமையும் அமைப்பும் வேறுபடுவதால், ஒன்றாயிருந்த சைகை இரண்டாகப் பிரிகிறது. அவற்றின் பரப்புகள் 95:5 என அமைந்தால், வடிவங்களும் அவ்விகிதத்திலேயே கலந்துள்ளன எனத் தெளியலாம்.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. ஈரம் இவ்வினைப்பொருளின் செயலைக் குறைக்கும். காந்தப்புலத்தின் வலிமை மிகுந்தால் சைகைகள் அகன்று, தெளிவு குன்றும். ஆதலால், வலிமைமிக்க கருவிகள் பெருகிய பின் இதன் பயன்பாடு சுருங்கியது. எனினும், கைரல் தன்மையை மற்றொரு கைரல் பொருளைக் கொண்டே அறியும் நெறி இன்றும் மருந்தாய்வின் அடிப்படையாகத் திகழ்கிறது.