சண்டையைக் கேட்டார்கள், காயக்காரரை வரைந்தார்

யுத்த ஓவியங்கள் பெரும்பாலும் எனக்குப் பிடிப்பதில்லை. உருவிய வாளோடு தளபதி, முன்கால் தூக்கிய குதிரை, பின்னால் கொடி. செத்தவன்கூட அழகாகத்தான் சரிந்து கிடப்பான். ஊடகக் கற்கை படித்த நாட்களில், யுத்தப் படங்கள் பற்றிய ஒரு ஒப்படைக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது ஜொவான்னி ஃபத்தோரியின் ஓவியமொன்று கண்ணில் பட்டது. அதில் யாரும் யாரையும் வெட்டவில்லை.

ஃபத்தோரி 1825 இல் லிவோர்னோ என்ற துறைமுக நகரில் பிறந்தவர். 1846 இல் ஓவியம் படிக்க புளோரன்ஸுக்குப் போனார். அன்று இத்தாலி ஒரு நாடாக இருக்கவில்லை. பல சிற்றரசுகள், வடக்கில் ஒரு பெரும்பகுதி ஒஸ்திரியாவின் கையில். 1848 கிளர்ச்சியின்போது துண்டுப்பிரசுரங்களைக் காவித் திரிந்தார். அவரது பங்களிப்பு அவ்வளவுதான். போர்முனைக்குப் போனவர் அல்ல.

சிப்பாய்களை அவர் கிட்ட நின்று பார்த்தது 1859 இல். ஒஸ்திரியாவுக்கு எதிராக உதவ வந்த பிரெஞ்சுப் படையினர் புளோரன்ஸின் கஷினே பூங்காவில் முகாமிட்டிருந்தார்கள். சுருட்டுப் பெட்டி மூடியளவு பலகைகளில் அவர்களை வரைந்தார். சும்மா நிற்கிற, காத்திருக்கிற ஆட்கள். கண், மூக்கு என்று எதுவுமில்லை. நீலமும் சிவப்புமாய்ச் சில திட்டுகள். எட்டி நின்று பார்த்தால் சிப்பாய்கள்.

கோடு இழுத்து உருவம் வரையாமல், வெளிச்சத்தையும் நிழலையும் திட்டுத் திட்டாக வைத்துக் கட்டும் முறை இது. புளோரன்ஸின் மிக்கேலாஞ்ஜொலோ கஃபேயில் கூடிய இளம் ஓவியர்கள் பலர் இப்படித்தான் வரைந்தார்கள். இத்தாலிய மொழியில் 'மாக்கியா' என்றால் கறை. 1862 இல் ஒரு பத்திரிகை அவர்களை 'மாக்கியாயோலி' என்று நக்கலடித்தது. அந்தப் பெயரையே அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

1859 இல் தொஸ்கானாவின் தற்காலிக அரசு, விடுதலைப் போரின் சமர்களை வரைய ஒரு போட்டி அறிவித்தது. ஃபத்தோரி எடுத்தது மஜெந்தா. அந்த ஆண்டு ஜூன் 4 ஆம் திகதி பிரெஞ்சு, பியெமொந்தே கூட்டுப்படை ஒஸ்திரியரைத் தோற்கடித்த இடம். வெற்றிச் சமர்தான். ஆனால் அவர் வரைந்தது சமர் முடிந்த பிறகான நேரத்தை. கிட்டத்தட்ட மூன்றரை மீற்றர் அகலமான அந்த ஓவியத்தின் நடுவில் காயக்காரரை ஏற்றும் வண்டில் ஒன்று. அருட்சகோதரிகள் அவர்களைப் பராமரிக்கிறார்கள். இதற்குத்தான் பரிசு கிடைத்தது. அரசாங்கமொன்று தன் வெற்றியை இப்படிப் பார்க்கச் சம்மதித்ததை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

1866 இல் லிவோர்னோக் கடற்கரையில் பந்தல் நிழலில் இருக்கும் பெண்களை வரைந்தார். 12 சென்ரிமீற்றர் உயரமான சின்னப் பலகை. அவரது மிகவும் அறியப்பட்ட படங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு மனைவி செத்திமியா காசநோயால் இறந்தார். 1869 இலிருந்து புளோரன்ஸ் கலைக்கழகத்தில் படிப்பித்தார். அவரிடம் கற்ற மிக்கேலி என்பவர்தான் பிற்காலத்தில் மொதில்யானிக்கு முதல் ஆசிரியர். பதக்கங்கள் கிடைத்தும் வறுமை விடவில்லை. 1908 இல் காலமானார்.

இத்தாலி ஒன்றுபட்டுக் கொடியேற்றி முடிந்த பிறகும் அவர் சிப்பாய்களை விடவில்லை. 1880 இல் வரைந்த ஓவியத்தின் பெயர் 'லோ ஸ்தஃபாத்தோ'. அங்கவடியில் கால் சிக்கியவன் என்று பொருள். வெளிறிய மண் பாதையில் ஒரு கறுத்த குதிரை வெருண்டு ஓடுகிறது. அதில் இருந்து வந்தவன் விழுந்துவிட்டான், கால் மட்டும் கழரவில்லை. எதிரியும் இல்லை, கொடியும் இல்லை, எந்தச் சமர் என்றும் தெரியாது. அவன் இழுபட்ட வழியில் இரத்தம் கோடாகக் கிடக்கிறது.

புளோரன்ஸின் பித்தி மாளிகையில், மஜெந்தா ஓவியம் உள்ள அதே கலைக்கூடத்தில்தான் இதுவும் இருக்கிறது.