உஷார்! லிச்சிக் கன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா?

கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். மதுரை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்து விவசாயிகளே, உங்களுக்காகத்தான் பதறிக்கொண்டு எழுதுகிறேன். கொய்யாவை வெட்டிவிட்டு லிச்சி வையுங்கள், லட்சம் லட்சமாகக் கொட்டும் என்று யாராவது வந்து சொன்னால், கன்று என்ன விலை என்று கேட்காதீர்கள். இதே ஊர் வெயிலில் காய்த்த மரம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

கன்று பிழைத்துக்கொள்ளும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. சொட்டுநீர் விட்டு, நிழல்வலை கட்டி, ஐந்தாறு வருஷம் பிள்ளை மாதிரி வளர்ப்பீர்கள். மரம் தளதளவென்று நிற்கும், பூ மட்டும் வராது. லிச்சி பூவெடுக்கக் குளிர் வேண்டும். ராத்திரி வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கி, சில வாரங்கள் அப்படியே நீடிக்க வேண்டும். லிச்சிக்குப் பேர்போன பீகாரின் முசாபர்பூரில் ஜனவரி இரவு 10 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. மதுரையில் அதே ஜனவரி இரவு 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. எந்த போர்வெல் இந்தக் குளிரைத் தரும்? மார்கழியில் தண்ணீரும் யூரியாவும் கொடுத்தால் துளிர்தான் விடும்; பூ இன்னும் தள்ளிப்போகும்.

தப்பித்தவறிக் காய்த்தாலும் நிம்மதியில்லை. வெயில் 38 டிகிரியைத் தாண்டி வறண்ட காற்றும் அடித்தால் பழத்தோல் காய்ந்து இறுகிவிடும். அப்புறம் பாய்ச்சுகிற தண்ணீருக்கு உள்ளே சதை பருக்க, தோல் வெடிக்கும். வெடித்த பழத்தை எந்த வியாபாரி எடுப்பார்? மேல்காற்று அனலாய் அடிக்கிற வருஷங்களில் முசாபர்பூர்க்காரர்களே இதில் அடிபடுகிறார்கள். நம் ஊர் உப்புத் தண்ணீரும் லிச்சிக்கு ஆகாது, இலை நுனி கருகிக்கொண்டே வரும்.

நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு, பர்லியாறு அரசுப் பண்ணைகளில் லிச்சி மரம் இருப்பது உண்மை. குடகிலும் வயநாட்டிலும் காய்க்கிறது. அதெல்லாம் மலைக்காற்றும் ஈரமும் உள்ள இடங்கள். அந்த மரத்தின் போட்டோவைக் காட்டிச் சமவெளிக்குக் கன்று விற்பது அநியாயம். அதிலும் கொட்டை போட்டு முளைத்த கன்றைத் தலையில் கட்டினால், நல்ல சீமையில்கூடக் காய்க்கப் பத்து வருஷம் ஆகலாம்.

ஆசை விடவில்லையா? கிணற்றடியில் இரண்டே இரண்டு விண்பதியன் கன்று வைத்துப் பாருங்கள். அது உங்கள் கண்முன்னே பூத்துக் காய்க்கிறவரை, நிற்கிற கொய்யாவில் அரிவாளை வைக்காதீர்கள்.