கரிசல் மண்ணில் ஓடுதளப் பாதுகாப்பு

தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டிக்கு அருகே பயன்பாடின்றிக் கிடக்கும் ஓடுதளத்தில் விமானிகள் பயிற்சி நிலையம் அமைக்கும் முயற்சியைத் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ மேற்கொண்டுள்ளது. வணிக விமானி உரிமம் பெற விரும்புவோர் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது இந்திய விதி. செஸ்னா 152, செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களில் மேலெழுவதையும் தரையிறங்குவதையும் மாணவர்கள் திரும்பத் திரும்பப் பழகுவதே இப்பயிற்சியின் அடித்தளம் என்பதால், பயிற்சி நிலையத்தின் ஓடுதளத்தைக் கைதேறாதவர்களே ஓயாமல் பயன்படுத்துகின்றனர். ஆகவே அதன் பாதுகாப்பு, விமானம் வந்த பிறகு சிந்திக்க வேண்டிய ஒன்றன்று. தரையைச் செப்பனிடும்போதே உறுதிசெய்ய வேண்டிய ஒன்று.

ஓடுதளத்தில் நேரும் ஆபத்துகளில் முதலாவது ஊடுருவல், அதாவது விமானமோ வாகனமோ மனிதரோ இருக்கக்கூடாத நேரத்தில் ஓடுதளத்தில் இருப்பது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குரிய டெனெரீஃப் தீவில், மூடுபனிக்கிடையே அனுமதி பெறாமல் ஓடத் தொடங்கிய விமானம், ஓடுதளத்திலேயே இருந்த மற்றொரு விமானத்தின் மீது மோதியதில் 583 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு, மேலெழ அனுமதி வழங்கும்போதும் அதை நீக்கும்போதும் தவிர வேறெப்போதும் 'டேக் ஆஃப்' என்ற சொல்லை வானொலியில் பயன்படுத்தக் கூடாது என்ற நெறி உலகெங்கும் நிலைபெற்றது. இணைப்புப் பாதை ஓடுதளத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு முழுக்கோடுகளும் இரண்டு விட்டுவிட்டு வரைந்த கோடுகளும் மஞ்சள் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கும். முழுக்கோட்டுக்கு முன்பாகவே நின்று, கட்டுப்பாட்டுக் கோபுரம் கூறும் ஆணையைத் திருப்பிச் சொல்லி, அனுமதி கிடைத்த பின்னரே அதைக் கடக்க வேண்டும் என்பது மாணவர் கற்கும் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. கோபுரமில்லாத சிறு தளங்களில் ஒவ்வொரு விமானியும் தாம் இருக்குமிடத்தைப் பொது அலைவரிசையில் அறிவிப்பதோடு, இறங்கிவரும் விமானத்துக்கு வழிவிட்டு நிற்பதும் கட்டாயம்.

இரண்டாவது ஆபத்து விலகல். விமானம் ஓடுதளத்தின் பக்கவாட்டிலோ முடிவிலோ வெளியே ஓடிவிடுவதை இச்சொல் குறிக்கிறது. செஸ்னா போன்ற சிறு விமானங்களில் எஞ்சின் முழு வேகம் பெறும்போது உந்துவிசிறியின் சுழற்சியால் முகப்பு இடப்புறம் இழுபடும். வலக்காலால் சுக்கானை மிதித்து அதை நேராக்க மாணவர் சற்றே தாமதித்தாலும் விமானம் நடுக்கோட்டை விட்டு விலகும். கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாற்றுச் சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக்காற்று இப்பகுதியில் வலிமையானது. செஸ்னா 172 கையேடு, சோதனையில் செயல்படுத்திக் காட்டப்பட்ட பக்கவாட்டுக் காற்றின் வேகமாக ஏறத்தாழ 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டரைக் குறிப்பிடுகிறது. தனியே பறக்கும் மாணவருக்குப் பயிற்றுநர்கள் அதைவிடக் குறைந்த வரம்பை வகுப்பதும், ஆனி, ஆடி மாதங்களில் காற்று மெலிந்திருக்கும் அதிகாலை நேரத்தைப் பயன்படுத்துவதும் அறிவுடைமை.

வெப்பமும் இங்குக் கருதத்தக்கது. காற்று சூடேறி அடர்த்தி குறையும்போது இறக்கைக்குக் கிடைக்கும் தாங்குவிசையும் எஞ்சினின் ஆற்றலும் குறைவதால், மேலெழ நீண்ட ஓட்டம் தேவைப்படும். 15 பாகை செல்சியஸுக்கு மேல் கூடும் ஒவ்வொரு பாகைக்கும் ஓடுதள நீளத்தை 1 விழுக்காடு கூட்டுவது வடிவமைப்பில் பின்பற்றப்படும் கணக்கு. அவ்வாறெனில் 38 பாகை கொதிக்கும் கோடைப் பகலில் கால்பங்குக்குச் சற்றே குறைவான கூடுதல் நீளம் வேண்டும்.

கரிசல் மண் மற்றொரு சிக்கலைத் தருகிறது. ஐப்பசி மழையில் ஊறிப் பெருத்து, பங்குனி வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் இம்மண்ணின் மீது, அடித்தளத்தைச் சுண்ணாம்பு கலந்தோ வேறு வகையிலோ உறுதிப்படுத்தாமல் தார் பாவினால் அதிலும் விரிசல் விழும்; விரிசலிலிருந்து பெயரும் ஜல்லி சுழலும் உந்துவிசிறியைச் சேதப்படுத்தும். மழை நாளில் ஓடுதளத்தை விட்டு விலகும் விமானத்தின் முன்சக்கரம் சேற்றில் புதைந்தால், விமானமே குப்புறக் கவிழக்கூடும். எனவே ஓடுதளத்தின் இருமருங்கும் சமன்செய்து இறுக்கப்பட்ட நிலமும் தேங்காமல் நீர் வடியும் வாய்க்கால்களும் ஓடுதளத்தைப் போலவே இன்றியமையாதவை.

இறங்கும் முயற்சி சீராக அமையாதபோது அதைக் கைவிட்டு மீண்டும் மேலெழுவது, விலகலைத் தடுக்கும் மிகச் சிறந்த பழக்கமாகும். 2010 மே 22 அன்று மங்களூரில் துணை விமானி எச்சரித்தும் இறங்குவதைக் கைவிடாத விமானம் ஓடுதளத்தைக் கடந்து பள்ளத்தில் விழுந்ததில் 158 பேர் இறந்தனர். இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழுவதைத் தோல்வியாகக் கருதாத மனப்பாங்கு முதல் பயிற்சி விமானத்திலேயே ஊன்றப்பட வேண்டும்.

மூன்றாவது ஆபத்து பறவைகளாலும் விலங்குகளாலும் வருவது. விமானத் தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் வகையில் குப்பை கொட்டுவதையும் இறைச்சிக்காக விலங்குகளை வெட்டுவதையும் 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆம் விதி தடைசெய்தது. மயில்கள் மேயும், ஆட்டு மந்தைகள் நடமாடும், உளுந்தையும் மக்காச்சோளத்தையும் தார்ச்சாலையில் காயப்போடும் வழக்கமுள்ள இந்நிலப்பகுதியில், வேலியிடுவது மட்டும் போதாது. ஊராட்சிகளும் நகராட்சியும் குப்பை மேலாண்மையில் பங்கேற்பதும், விளைபொருளை உலர்த்த உழவர்களுக்கு மாற்றுக் களங்கள் அமைத்துத் தருவதும் வேண்டும். முதல் மாணவர் இங்குப் பறக்கும் முன்பே வேலியும் வடிகாலும் களமும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று கோவில்பட்டி மக்கள் கேட்பது நியாயம். அதை நிறைவேற்றுவது அரசின் கடமை.