டெங்குவில் காய்ச்சல் தணிந்த பின் கவனிக்க வேண்டியவை: உடல் திரவங்களின் கசிவு

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மதுரை நகரிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் டெங்கு காய்ச்சல் காணப்படுகிறது. நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் காய்ச்சல் தணிந்தவுடன், நோய் நீங்கிவிட்டது எனக் கருதி நோயாளியை வேலைக்கோ பள்ளிக்கோ அனுப்பிவிடுகின்றனர். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது.

இதன் காரணத்தை அறிய, உடலில் நீர் எங்குள்ளது என்பதை அறிய வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் ஏறத்தாழ 36 லிட்டர் நீர் உள்ளது. அதில் 24 லிட்டர் செல்களுக்குள் இருக்கிறது. ஏறத்தாழ 9 லிட்டர் செல்களைச் சூழ்ந்துள்ள திசு இடைத் திரவமாகும். இரத்தக் குழாய்களுக்குள் ஓடும் பிளாஸ்மா சுமார் 3 லிட்டர் மட்டுமே. வாய்க்கால் நீர் வயலுக்குள் கசிந்து, மிகுதி வடிகாலில் வெளியேறுவது போல, பிளாஸ்மாவின் ஒரு பகுதி தந்துகிகளின் வழியே கசிந்து செல்களுக்கு ஊட்டம் அளிக்கிறது. மிகுதியை நிணநீர்க் குழாய்கள் இரத்தத்திற்குத் திருப்பி அனுப்புகின்றன.

டெங்குவில் தந்துகிச் சுவர்கள் தளர்கின்றன. பிளாஸ்மா அளவுக்கு மீறிக் கசிந்து, திசுக்களிலும் நுரையீரலைச் சுற்றியும் வயிற்றறையிலும் தேங்குகிறது. உடலை விட்டு நீர் வெளியேறுவதில்லை; ஆயினும் இரத்தம் கெட்டியாகி, இரத்த அழுத்தம் வீழ்கிறது. இக்கசிவு பொதுவாக 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டுமே கேட்டறிவது போதாது. இரத்தம் கெட்டியாவதைக் காட்டும் ஹீமட்டோகிரிட் அளவையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக்கசிவு, மயக்கம், அமைதியின்மை, கை கால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அல்லது அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற உள்நோயாளிப் பிரிவுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வீட்டில் உப்பு-சர்க்கரைக் கரைசல், கஞ்சி, மோர், இளநீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் ஆகியவை இரத்தக்கசிவை அதிகரிக்கக்கூடும். நிலவேம்புக் குடிநீர் அருந்துவோரும் இக்கண்காணிப்பைக் கைவிடலாகாது.

குளுக்கோஸ் ஏற்றுமாறு மருத்துவரை வற்புறுத்த வேண்டாம். மீளும் கட்டத்தில், கசிந்த நீர் தானாகவே இரத்தக் குழாய்களுக்குத் திரும்பும். அந்நேரத்தில் மிகையாக ஏற்றப்படும் திரவம் நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும்.